லோர் நிறைந்த சோர்ஸ்புக் வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில், இரண்டு வருடமாக ரூல்புக்கை (விதிப் புத்தகம்) மட்டும் வைத்துக்கொண்டு கேம்பெய்ன், அதாவது ஒரு தொடர்கதை, நடத்துகிறீர்கள். ஊர், கோவில், அரசன் பெயரெல்லாம் அந்தந்த நேரத்தில் வாயில் வந்தவை. இப்போது பிளேயர்கள் குடைய ஆரம்பித்துவிட்டார்கள்: இந்தக் கோவில் யாருக்கு, இதற்கு முன் இங்கே யார் ஆண்டார்கள், அந்த இரண்டு நாடும் ஏன் பேசிக்கொள்வதில்லை? அதனால் லோர், அதாவது ஓர் உலகத்தின் வரலாறும் கடவுள்களும் அரசியலும், அடர்த்தியாக உள்ள சோர்ஸ்புக் (உலக விவரப் புத்தகம்) வேண்டும். எந்த சிஸ்டத்துக்கு, அதாவது எந்த ஆட்டத்தின் விதிகளுக்கு, எழுதியது என்றாலும் சரி, ஆனால் ஒன்றோ இரண்டோதான் வாங்க முடியும்.

முதல் விஷயம், பக்கக் கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள். இந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன். முதன்முதலில் வாங்கிய செட்டிங் (ஆட்டம் நடக்கும் கற்பனை உலகம்) புத்தகம் செங்கல் கனம். ஆயிரத்து ஐந்நூறு வருட வம்ச வரலாறு, ஒவ்வொரு அரசனுக்கும் பட்டப்பெயர், போர்களுக்குத் தனி அட்டவணை. படிக்கப் படிக்க எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஒருநாள் ஆட்டத்தில் ஒரு பிளேயர், சந்தை நடுவில் தலை உடைந்து நிற்கும் சிலையைப் பற்றி "இது யாரு?" என்று கேட்டாள். இதற்காகத்தானே காத்திருந்தோம் என்று புத்தகத்தைத் திறந்து, அந்த அரசி யார், யாருக்கு மகள், எந்தப் போரில் தோற்றாள் என்று நான்கு நிமிடம் வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஒருவன் பகடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கிறான். கேட்டவளோ, "சரி, இப்ப நாங்க என்ன பண்ணணும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. புத்தகத்திலும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய்.

அதிலிருந்து எந்த சோர்ஸ்புக்கை எடுத்தாலும் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து ஒரே ஒரு பத்தி படிப்பேன். இந்த இடத்தில் இன்றைக்கு யாருக்கு என்ன வேண்டும், அதற்குக் குறுக்கே யார் நிற்கிறார்கள் என்பது அந்தப் பத்தியிலேயே தெரிகிறதா என்று பார்ப்பேன். ஓர் உதாரணம், நானே கட்டியது. "இந்நகரம் 800 ஆண்டுகளுக்கு முன் நிறுவப்பட்டது. மக்கள்தொகை 12,000. கம்பளி வணிகம் செழிப்பானது." இது ஒரு வகை. இன்னொரு வகை: "நகரத்துக் கிணறுகள் எல்லாம் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம்; பழைய அரசன் எழுதிக்கொடுத்த சாசனம் இருக்கிறது. அது போலி என்று தெரிந்த எழுத்தரைப் போன வாரத்திலிருந்து காணவில்லை." சொற்களின் எண்ணிக்கையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவதில் வரலாறும் இருக்கிறது, இன்று மாலை ஆட்டத்துக்கு வேலையும் இருக்கிறது. இரண்டாவது வகைப் பத்திகள் எந்தப் புத்தகத்தில் அதிகமோ அதுதான் என் கணக்கில் லோர் நிறைந்த புத்தகம்.

இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறுவது எபெரான், டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் (டி&டி) ஆட்டத்துக்கான ஓர் உலகம். 2002-ல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் புது உலகம் தேடி நடத்திய போட்டியில் ஆயிரக்கணக்கான யோசனைகளில் இருந்து கீத் பேக்கரின் யோசனையைத் தேர்ந்தெடுத்தது; முதல் புத்தகம் 2004-ல் வந்தது, டி&டியின் ஐந்தாம் பதிப்புக்கான புத்தகம் 2019-ல். ஒரு பேரரசு உடைந்து நூறு வருடத்துக்கு மேல் சண்டை. நடுவில் ஒரே நாளில் சைர் என்ற நாடு முழுவதும் அழிந்துபோகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பயத்தில்தான் சண்டை நிற்கிறது, சமாதான ஒப்பந்தம் ஆகிறது. ஆட்டம் தொடங்குவது ஒப்பந்தம் ஆகி இரண்டே வருடம் கழித்து. எழுத்தாளர் விவரம் புரிந்தவர் என்பது எங்கே தெரிகிறது என்றால், சைர் ஏன் அழிந்தது என்ற கேள்விக்குப் புத்தகங்கள் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. பதிலை ஒவ்வொரு ஜிஎம்மும் (ஆட்டத்தை நடத்துபவர்) தானே முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்த ஒரு ஓட்டை அந்த உலகத்தின் எல்லாக் காரியங்களையும் ஓட்டிக்கொண்டிருக்கிறது: அகதிகள், உளவாளிகள், மறுபடி சண்டையை ஆரம்பிக்கலாமா என்று கணக்குப் போடும் அரசர்கள். பதில் அச்சாகியிருந்தால் பிளேயர்களில் ஒருவர் விக்கியில் படித்துவிட்டு வந்திருப்பார், கதை முடிந்திருக்கும்.

எல்லாவற்றையும் சொல்லிவிடும் புத்தகம் எனக்கு ஆகாது என்பதற்குக் காரணம் இதுதான். நல்ல செட்டிங்கில் காலி இடம் எங்கே விட வேண்டும் என்பதும் யோசித்து விட்டதாக இருக்கும்.

இன்னொரு வகை அடர்த்தி டிராவலரில் இருக்கிறது. 1977-ல் மார்க் மில்லர் உருவாக்கிய விண்வெளி ஆட்டம். அதில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு வரிக் குறியீடு உண்டு. ரெஜினா என்ற கிரகத்துக்கு ஏ788899-சி. பார்த்தால் வண்டி நம்பர் மாதிரி இருக்கும். பிரித்துப் படியுங்கள்: ஏ என்றால் முதல்தர விண்துறைமுகம். 7, விட்டம் சுமார் 11,000 கிலோமீட்டர். 8, அடர்ந்த காற்று. அடுத்த 8, பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். அதற்கடுத்த 8, கோடிக்கணக்கில் மக்கள். 9, முகமில்லாத அதிகாரவர்க்க ஆட்சி. கடைசி 9, கெடுபிடியான சட்டம். ஆயுதத்தோடு தெருவில் இறங்கினால் பிடித்து உள்ளே போடுவார்கள். சி, பன்னிரண்டாம் நிலைத் தொழில்நுட்பம். எட்டே எழுத்தில் ஒரு ஊரின் குணம் வந்துவிடுகிறது. துறைமுகம் பிரமாதம், ஆனால் ஆபீசர் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் இறங்காது. கதை தானாக வருகிறதா?

அதே டிராவலரில் இன்னொரு விதி. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தூரம் ஒரு பார்செக் (விண்வெளித் தூர அளவு) ஆனாலும் ஆறு பார்செக் ஆனாலும் அதே ஒரு வாரம். கப்பலை விட வேகமாகச் செய்தி போக வழியே கிடையாது. அப்படியானால் தலைநகரில் சக்கரவர்த்தி செத்தால் எல்லைக்குத் தெரிய மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் எல்லைப் பிரபுக்களுக்கு அவ்வளவு அதிகாரம், அதனால்தான் தபால் கப்பலுக்கு அவ்வளவு மரியாதை. ஒரு விதியைப் பிடித்து இழுத்தால் சமூகம் முழுக்க அவிழ்ந்து வருகிறது. இந்த மாதிரி காரண காரியம் உள்ள லோர் மனப்பாடம் செய்யாமலே நினைவில் நிற்கும். பிளேயர் எதிர்பாராத கேள்வி கேட்டாலும் புத்தகத்தைத் திறக்காமல் நீங்களே பதிலைக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது உங்கள் கோவில் கேள்விக்கு வருகிறேன். கடவுள், சடங்கு, புராணம் என்று போனால் க்ளோராந்தாவுக்குப் பக்கத்தில் வைக்க இன்னொன்று எனக்குத் தெரியாது. கிரெக் ஸ்டாஃபோர்ட் 1960களிலேயே எழுதத் தொடங்கிய உலகம். 1975-ல் ஒரு போர்டு கேமாக வெளிவந்தது, 1978-ல் ரூன்க்வெஸ்ட் ஆட்டத்தின் களமானது. அதன் பழைய புத்தகம் ஒன்று, கல்ட்ஸ் ஆஃப் ப்ராக்ஸ், 1979. பெரும்பாலான ஃபேன்டஸி புத்தகங்களில் கடவுள் பட்டியல் என்றால் பெயர், சின்னம், பிடித்த ஆயுதம், முடிந்தது. இதில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் புராணம் என்ன, செத்த பிறகு பக்தன் எங்கே போகிறான், சாதாரண பக்தனிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள், தீட்சை பெற என்ன செய்யவேண்டும், பூசாரிக்கு என்ன கடமை, எந்தக் கூட்டத்தோடு உறவு, எதனோடு பகை என்று ஒரே ஒழுங்கில் இருக்கும். நடுநடுவே ஒரு வியாபாரியின் பயணக் குறிப்பு வரும். அந்தந்தக் கடவுளின் ஆட்களோடு அவர் பட்ட பாடு. விதியைப் படித்துவிட்டுக் குறிப்புக்கு வந்தால் விதிக்கு உயிர் வந்துவிடும்.

அந்த உலகத்தின் இன்னொரு பலம், புராணம் ஒன்றே என்று சாதிக்காதது. புயல் கடவுள் ஓர்லாந்த், சூரியச் சக்கரவர்த்தி யெல்மைக் கொன்றான், உலகம் இருண்டது. ஓர்லாந்த்தின் மக்களைக் கேட்டால் கொடுங்கோலனை எதிர்த்து நின்றவன் என்பார்கள். சூரியனின் மக்களைக் கேட்டால் முறையான அரசனைக் கொன்ற கலகக்காரன். சரி, எது உண்மை? அந்தச் சண்டை இன்னும் நடக்கிறது, உங்கள் கேரக்டர்கள் அதற்குள்தான் பிறந்திருக்கிறார்கள். 2014-ல் வந்த கைட் டு க்ளோராந்தா இரண்டு தொகுதி, சுமார் 800 பக்கம், ஆட்ட விதிகள் இல்லாத முழு உலக விவரம். உட்கார்ந்து படிக்க அற்புதம். ஆனால் அதை முதலில் வாங்காதீர்கள். முதல் நூறு பக்கத்தில் மூச்சு முட்டும். 2018-ல் வந்த க்ளோராந்தா சோர்ஸ்புக் கைக்கு அடக்கமானது, அதில் தொடங்குவதே மேல்.

அடர்த்தியில் இதோடு போட்டி போடக்கூடியது டெகுமெல். 1975-ல் வந்தது, எம். ஏ. ஆர். பார்க்கர் என்ற மொழியியல் பேராசிரியர் உருவாக்கியது, அதன் மொழிகளுக்கு இலக்கணமே எழுதிவைத்தவர். பரிந்துரைக்க ஒரு தயக்கம் உண்டு. 1991-ல் புனைபெயரில் வந்த ஒரு நாஜி ஆதரவு நாவலை எழுதியவர் அவர்தான் என்று 2022-ல் டெகுமெல் அறக்கட்டளையே ஒப்புக்கொண்டது. தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து, புத்தகத்தில் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். எல்லாம் தெரிந்த கலைக்களஞ்சியக் குரலில் எழுதிய லோர் வாசிக்கச் சுலபம், ஆட்டத்தில் பயன்படுத்தக் கஷ்டம். எட் கிரீன்வுட் 1992-ல் எழுதிய வோலோஸ் கைட் டு வாட்டர்டீப் ஒரு ஊர்சுற்றியின் வழிகாட்டி மாதிரி எழுதப்பட்டது. எந்தச் சத்திரம் நல்லது, எங்கே பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று வோலோ அளப்பார். எல்மின்ஸ்டர் என்ற மந்திரவாதி குறுக்கிட்டு அவரைத் திருத்திக் குறிப்பு எழுதுவார். இதில் ஜிஎம்முக்கு என்ன லாபம்? புத்தகம் சொன்னது தப்பாக இருக்கலாம் என்ற அனுமதி புத்தகத்திலேயே இருக்கிறது. பிளேயர் "வோலோ அப்படிச் சொல்லலையே" என்றால், "வோலோவுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போகலாம். 1994-ன் பிளேன்ஸ்கேப் என்ற டி&டி உலகமும் இப்படித்தான், புத்தகமே அந்த நகரத்துத் தெருப் பேச்சில் இருக்கும். சிகில் என்ற அந்த நகரத்தை ஆளும் லேடி ஆஃப் பெயினுக்கு ஸ்டேட்பிளாக்கே (பலம், உயிர் போன்றவற்றின் எண் பட்டியல்) கிடையாது. அடித்துப் பார்க்கலாமா என்று பிளேயர் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

லோர் என்றால் வரலாற்று அத்தியாயம் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். வார்ஹாம்மர் ஃபேன்டஸி ரோல்பிளேயில் கேரக்டருக்குத் தொழில் பகடையில் விழும். எலிபிடிப்பவர் என்று விழுந்தால், சொத்துக் கணக்கில் 'சின்ன, ஆனால் மூர்க்கமான நாய்' ஒன்று சேரும். இந்த ஒரு வரி அந்த உலகம் எவ்வளவு அழுக்கு, எவ்வளவு சிரிப்பு என்று சொல்வதை ஒரு முழு அத்தியாயம் சொல்லாது. கருவிப் பட்டியல், தொழில் பட்டியல், விலைப்பட்டியல் இவற்றைப் புரட்டிப் பாருங்கள். அங்கே உலகம் தெரியவில்லை என்றால் முன்னுரையில் எவ்வளவு எழுதியும் பிரயோஜனம் இல்லை.

பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்வது காலக்கோட்டில். சில உலகங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும், சில நிற்கும். ராபின் கிராஸ்பி 1983-ல் வெளியிட்ட ஹார்ன் உலகத்தின் அதிகாரப்பூர்வப் புத்தகங்கள் எல்லாம் 720 என்ற ஒரே ஆண்டில் நிற்கும். அதற்குப் பிறகு நடப்பது உங்கள் மேஜையில் மட்டும் நடக்கும். நாற்பது வருடம் முன்பு வாங்கிய பிரதி இன்றும் செல்லும். டி&டியின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகம் இதற்கு நேர் எதிர். 1987-ல் பெட்டியாக வந்தது. 2001-ல் வந்த மூன்றாம் பதிப்பின் 320 பக்கப் புத்தகம், ஒரே தொகுப்பில் அந்த உலகத்தைப் பார்க்க இன்றும் என் முதல் தேர்வு. 2008-ல் நான்காம் பதிப்பு வந்தபோது ஒரு மாயக் கொள்ளைநோய், அதோடு கதை ஏறக்குறைய நூறு வருடம் தாவிவிட்டது. தெரிந்த மனிதர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள், நாடுகள் காணாமல்போயின. இரண்டு காலத்துப் புத்தகங்களைக் கலந்து வாங்கினால் உங்களுக்குத்தான் தலைவலி. 1991-ன் வாம்பயர்: தி மாஸ்கரேட் இன்னும் ஒரு படி மேல்: தொடர்கதை மாதிரி புத்தகத்துக்குப் புத்தகம் நகர்ந்து, 2004-ல் உலகத்தையே முடித்துக்காட்டினார்கள். வாசகனாக எனக்கு அது பிடிக்கும். ஜிஎம்மாக, அடுத்த புத்தகம் வந்து என் கேம்பெய்னைப் பொய்யாக்கிவிடுமோ என்று பயந்துகொண்டு ஆட முடியாது.

சிஸ்டம் முக்கியமில்லை என்றீர்கள், அது நல்லதாகப் போயிற்று. பழைய பதிப்புப் புத்தகங்களில் விதிகள்தான் பழசாகும், லோர் ஆகாது. பலவும் டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் பிடிஎஃப்பாகவே கிடைக்கின்றன. ஸ்கேன் செய்து விற்கும் பழசுகளில் மேப் மங்கலாக இருக்கும், முன்னோட்டப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உள்ளடக்கத்தில் புது கேரக்டர் வகை, புது மந்திரம், புது ஆயுதம் எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் போனால் அது உங்களுக்கான புத்தகம் இல்லை. இண்டெக்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டத்தின் நடுவில் தேடிக் கிடைக்காத லோர் இல்லாத லோர்தான். இந்த விஷயத்தில் மான்டி குக்கின் டோலஸ் ஒரு பாடம். 2006-ல் வந்தது, ஒரே நகரத்துக்கு 672 பக்கம். ஆனால் ஓரத்திலேயே இந்தப் பெயர் வேறு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று குறித்திருப்பார்கள், அதனால் அவ்வளவு பெரிய புத்தகமும் கைக்கு அடங்கும்.

விக்கி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தேதி சரிபார்க்கப் போதும். ஆனால் விக்கியில் எல்லாப் பதிப்பும் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். எது முக்கியம், எது ஓரத்துச் செய்தி, எது பிளேயருக்குத் தெரியக்கூடாது என்ற பிரிவினை அங்கே இருக்காது. நல்ல சோர்ஸ்புக்குக்குக் காசு கொடுப்பதே அந்தப் பிரிவினைக்குத்தான்.

மெலிந்த புத்தகங்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். பிளேட்ஸ் இன் தி டார்க், 2017, ஜான் ஹார்ப்பர். நகரத்தின் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொஞ்சம்தான் எழுதியிருப்பார். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு என்ன வேண்டும், யாரோடு பகை என்பது அந்தக் கொஞ்சத்துக்குள்ளேயே இருக்கும். 2022-ன் ரேடியன்ட் சிட்டடெல் தொகுப்பில் பதின்மூன்று சாகசங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தந்த நாட்டைப் பற்றிச் சில பக்கங்கள். ஒரே உலகத்தில் மாட்டிக்கொள்ள மனமில்லாதவருக்கு அது பொருந்தும்.

உங்கள் விஷயத்துக்கு என் யோசனை: இரண்டு வருடக் கேம்பெய்னைக் கலைத்துவிட்டு வேறொரு உலகத்துக்குக் குடிபெயராதீர்கள். பிளேயர்கள் குடைகிறார்கள் என்றால் நீங்கள் வாயில் வந்தபடி சொன்ன ஊரில் அவர்களுக்கு ஒட்டுதல் வந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் கல்ட்ஸ் ஆஃப் ப்ராக்ஸை மட்டும் வாங்குங்கள். அதன் தலைப்புகளை ஒரு தாளில் எழுதி, அவர்கள் கேட்ட அந்தக் கோவிலுக்கு நிரப்பிப் பாருங்கள். சாதாரண பக்தனிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற இடத்துக்கு வரும்போதே பக்கத்து ஊரோடு ஏன் சண்டை என்பதும் பாதி கிடைத்துவிடும். இரண்டாவது புத்தகத்துக்கு ஆறு மாதம் பொறுங்கள். அதற்குள் அவர்கள் எதை அதிகம் குடைகிறார்கள் என்று தெரிந்துவிடும். கடவுள்களையே கேட்டுக்கொண்டிருந்தால் க்ளோராந்தா சோர்ஸ்புக், நாடுகளும் ஒப்பந்தங்களும் என்றால் எபெரான், ஒரே ஊரின் சந்துபொந்து என்றால் டோலஸ்.